மூணாம் மேஜைக்கு ஒரு தாள்

"காடி லூசு! இன்னைக்கும் லூசு!"

மூணாம் மேஜை மேஸ்திரி போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. புத்தக அலமாரியின் பக்கப் பலகையில் வெட்டியிருந்த காடிப் பள்ளத்தில் தட்டுப் பலகையை வைத்து உள்ளங்கையால் தள்ளினார். அது சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்களா? சுத்தியலுக்கு வேலையே இல்ல. நான் அடிச்சு இறக்கினா பலகை அலற வேண்டாமா? மெஷின்ல நிக்கிற ஆளுக்குக் கண்ணும் போச்சு, கவனமும் போச்சு!"

மெஷினில் நின்ற ஆளைப் பட்டறையில் 'பாயிண்டு' என்பார்கள். 'ரெண்டு பாயிண்டு கூட, ஒரு பாயிண்டு கம்மி' என்று மில்லிமீட்டரையும் பத்தாகப் பிரித்துப் பேசுகிற மனிதர். காதில் எதுவும் விழாத மாதிரி நின்றார். மேஸ்திரி பதவி தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். போன வருஷம் அது மூணாம் மேஜைக்காரருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து இருவரும் எலியும் பூனையும்தான்.

முதலாளியம்மா, அளவு சரிபார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டார்.

"தெரியாம பண்றாரா, வேணும்னே பண்றாரான்னு பாரும்மா. வேணும்னேன்னா நாளையிலேருந்து அவரு லோடு ஏத்தப் போகட்டும். மெஷினுக்கு வேற ஆளைப் பாத்துக்கலாம்."

ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அவளுக்குத் தூக்கம் வராது. வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகப் போனாள்.

முதல் மேஜைக் காடிகள் கனகச்சிதம். இரண்டாம் மேஜையும் அப்படியே. மூணாம் மேஜையில் மட்டும் காடியின் அகலம் ஒரு தாள் கனம் கூடுதல். அதுவும் எல்லாக் காடியிலும் ஒரே அளவு கூடுதல்.

கைதவறிச் செய்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும். இது அளந்து செய்த தப்பு.

பசை காய்ந்து நின்ற ஒரு மூணாம் மேஜை அலமாரியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அசைவேனா என்றது. அந்த ஒரு தாள் இடைவெளியைப் பசையே நிரப்பியிருந்தது. அலமாரியைக் கெடுக்காத தப்பை ஒருத்தர் எதற்கு இவ்வளவு மெனக்கெட்டுச் செய்ய வேண்டும்? அவளுக்கு மண்டை குடைந்தது.

மறுநாள் காலை மெஷின் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள்.

பாயிண்டு முதலில் பிளக்கைப் பிடுங்கினார். ஒரு பிளேடு, நடுவில் நாலைந்து வெட்டுத் தகடுகள், கடைசியில் இன்னொரு பிளேடு என்று மெஷினின் அச்சில் அடுக்கினார்; அந்த அடுக்கின் கனம்தான் காடியின் அகலம். ஒன்றின் பல் இன்னொன்றில் இடிக்காதபடி திருப்பித் திருப்பி வைத்தார்.

"பதினெட்டு மில்லி பலகைதானே அண்ணே? பதினெட்டுக்கு அடுக்கினா முடிஞ்சு போச்சு."

"பதினெட்டுன்னு அச்சடிச்சிருப்பான். அளந்தா நாலு பாயிண்டு கம்மி இருக்கும். வெட்டி, பலகையையே உள்ள விட்டுப் பாத்தாத்தான் உண்மை தெரியும்."

கழிவுத் துண்டில் ஒரு வெட்டு வெட்டினார். பலகை உள்ளே போக மாட்டேன் என்றது. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, தகடுகளுக்கு நடுவே ஒரு தாள் வளையத்தைச் செருகினார். அடுத்த வெட்டில் சுத்தியலால் ஒரே தட்டு. பலகை கிச்சென்று இறங்கியது. இதைவிடச் சரியாக யாராலும் வைக்க முடியாது.

முதல் இரண்டு மேஜைகளுக்கும் அதே அளவில் வெட்டி முடித்தார். மூணாம் மேஜைப் பலகைகள் வண்டியில் வந்தன. மெஷின் நின்றது. பிளக், நட்டு, இன்னொரு தாள் வளையம்.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க அண்ணே!"

பாயிண்டு திடுக்கிட்டுப் போனார்.

"பழைய கோபத்துக்கு இப்படியா பழி வாங்குவீங்க? நாளைக்கு உங்களை லோடு ஏத்த அனுப்பப் போறாங்க, தெரியுமா?"

அவர் மூணாம் மேஜையைப் பார்த்தார். மேஸ்திரி இன்னும் வரவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"மூணு மாசம் முன்னாடி வரைக்கும் அவருக்கும் டைட்டாத்தான் வெட்டிக்கிட்டிருந்தேன். ஒருநாள் சுத்தியலை ஓங்கினாரு. நழுவிக் கீழ விழுந்துச்சு. எடுத்தாரு, திரும்பவும் விழுந்துச்சு. கை வேர்க்குதுன்னு துணியில துடைச்சுக்கிட்டாரு. வேர்வை எங்கம்மா இருந்துச்சு? விரல் மடங்கவே இல்ல."

அவள் மூணாம் மேஜையில் கிடந்த சுத்தியலைப் பார்த்தாள்.

"இதை நீங்க வெளியில சொல்லியிருந்தா, அந்த மேஸ்திரி வேலை உங்களுக்கே வந்திருக்குமே அண்ணே?"

பாயிண்டு நட்டை முறுக்கினார்.

இந்த மனிதரைப் போய்ப் பழி வாங்குகிறவர் என்று சொல்லிவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அறிக்கைத் தாளை எடுத்து, 'மூணாம் மேஜை: பசைக்கு ஒரு தாள் இடம். அளவு சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இந்த மெஷின் உங்களுக்குத்தான் அண்ணே. ஆனா அந்த மனுஷன் தினமும் ஊரைக் கூட்டி உங்களைத் திட்டுறதை இனிமே கேட்டுக்கிட்டு இருக்க முடியாது. வரட்டும், நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கிறேன்."

பாயிண்டு பதறிப்போய் அவள் முன்னால் வந்து நின்றார்.

"ஐயோ, வேண்டாம்மா! திட்டட்டும். காடி லூசுன்னு என்னைத் திட்டுற வரைக்கும்தான், தன் கை நல்லா இருக்குன்னு அவரு நம்பிக்கிட்டு இருப்பாரு."