சுண்ணாம்புத் தடம்

ஜப்பான்காரர்கள் பிடித்திருந்த மலாயாவில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆட்களை மேட்டு லயத்துக்கு மாற்றிவிட்டுப் பழைய லயத்தைப் பிரித்தார்கள். அந்த மரங்களை வைத்து ஜப்பான் அதிகாரியின் ஆபீசைச் சீர்படுத்தினார்கள். அங்கம்மா வீட்டு வாசல் தூணும் அதில் போனது. சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போகும்வரை, அவள் புருஷன் சன்னாசி வெற்றிலை போட்டு விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை அந்தத் தூணில்தான் தோள் உயரத்தில் தடவுவான். ஆசாரி தூணைக் கறையில்லாமல் இழைத்து, அவசரத்தில் தலைகீழாக நட்டுவிட்டார்.

"அண்ணே, தல கீழ நிக்குது!" என்றாள் அங்கம்மா.

"சப்பான்காரன் என் தலய சீவுறதுக்கு இது தேவலாம் தங்கச்சி. தூணு என்ன, தல சுத்துதுன்னு சொல்லவா போவுது?"

மறுநாள் ஆபீசைக் கூட்டப் போன அங்கம்மா, அந்தத் தூணில் முழங்கால் உயரத்தில் ஈரச் சுண்ணாம்பைக் கண்டாள். தலைகீழ்த் தூணில் பழைய இடம் அதுதான். சன்னாசியின் பழக்கம் தோட்டத்துக்கே தெரியும். தப்பி வந்து ஒளிந்திருக்கிறான் என்று எவனாவது சொல்லிவிட்டால், அதிகாரி அவளை உயிரோடு விடமாட்டான். முந்தானையால் துடைத்தாள். அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது.

ஐந்தாம் நாள் அவள் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அதிகாரியின் பூட்ஸ் சத்தம் படியேறியது. தூணருகே குனிந்து, சன்னாசியிடமே பேசுவதுபோல், "இங்க வேணாங்க. மேட்டு லயத்துல கடைசி வீடு. அங்க வந்துருங்க," என்றாள்.

மறுநாள் தூண் சுத்தமாக இருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

வேலை முடிந்து வீடு திரும்பினாள். வாசல் தூணில் ஈரச் சுண்ணாம்பு இருந்தது. இந்தத் தூணை யாரும் தலைகீழாக நடவில்லை. தோள் உயரத்தில் இருந்திருக்க வேண்டிய தடம் முழங்கால் உயரத்தில்தான் இருந்தது.