உப்பு பத்தல

நிர்மலா சோற்றுப் பானையை இறக்கி வைக்கவும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. வந்துவிட்டார் அன்வருதீன் பாய். முத்தியால்பேட்டையில் அடுத்த தெருக்காரர். அவளுடைய மாமனாரோடு ஒரே மில்லில் தறி ஓட்டியவர்.

"ராஜாங்கம், இன்னாய்யா பண்ற? சாப்பாடு ஆச்சா?"

கேள்வியைப் பார்! தட்டு வைக்கும் நேரம் பார்த்து வந்துவிட்டு, சாப்பாடு ஆச்சாவாம். நிர்மலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் சாப்பிடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ரெண்டு வாய்க்கு மேல் வைத்தால் கையை மறித்துவிடுகிற மனுஷன்தான். ஆனால் அந்த ரெண்டு வாய்க்குள் அவர் சொல்கிற குறை இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியாது.

புருஷன் செல்வகுமாரிடம் சொல்லியும் பார்த்தாள். "அப்பாவுக்கு ஒரு பேச்சுத்துணை, விடு" என்று முடித்துவிட்டான். சமைக்கிறவளுக்கல்லவா தெரியும் வலி!

இன்றைக்குச் சுறாப்புட்டு. காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய், வேகவைத்து, தோல் உரித்து, பூண்டு தட்டிப் போட்டுப் பக்குவமாகக் கிளறியிருந்தாள். எல்லாம் மாமனாருக்காக. மாமியார் பாக்கியலட்சுமி போன பிறகு அவர் பாதி ஆளாகிவிட்டார். நடை தள்ளாடுகிறது. பேச்சு நின்றுபோய், நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

"வியாதி ஒண்ணும் இல்லம்மா" என்றிருந்தார் டாக்டர். "சரியா சாப்பிடாததுல உடம்பும் போச்சு, மனசும் சோர்ந்துபோச்சு. மீன், முட்டை, பருப்புன்னு எப்படியாவது உள்ள போகணும். இல்லன்னா படுத்துடுவாரு."

அந்தப் பயத்தில்தான் இத்தனை பாடும்.

பாய் கொஞ்சம் புட்டை எடுத்து வாயில் போட்டார். முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா நிர்மலா, உப்பு பத்தலியே!"

மாமனார் நிமிர்ந்தார். "பத்தலியா?" தானும் ஒரு வாய் எடுத்துப் போட்டார். "சரியாத்தான கீது பாய்."

"உன் நாக்கு செத்துப்போச்சுய்யா. சோத்துல நல்லா பெசஞ்சு சாப்ட்டுப் பாரு."

பிசைந்து சாப்பிட்டார். "சரியாத்தான் கீது!"

"கொழம்புல புளி ஏறிப்போச்சு."

"எங்க, ஊத்து பாப்போம்." மாமனாருக்கு ரோஷமே வந்துவிட்டது. "என் மருமவ சமையல கொற சொல்றதே உனக்கு வேலையாப் போச்சு!"

அடுப்படியில் நிர்மலா கரண்டியை ஓங்கி வைத்தாள். திரும்பி வந்தபோது மாமனாரின் தட்டு காலியாக இருந்தது. பின்னே, யார் கைப்பக்குவம்? இதில் குறையாம் குறை!

மறுநாள் பாயை வாசலிலேயே நிறுத்தினாள்.

"மாமா தூங்குறாரு பாய்."

உள்ளே மாமனார் இருமுவது இரண்டு பேருக்குமே கேட்டது.

"தூங்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, பாய் திரும்பி நடந்தார்.

அன்றைக்கு முட்டைக் குழம்பு. குறை சொல்ல ஆளில்லை. மாமனார் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாசலையே பார்த்தார்.

"பாய் வரலியா?"

"வேலையாம் மாமா. நீங்க சாப்பிடுங்க."

சோற்றை இப்படியும் அப்படியும் தள்ளினார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த நாளும் அதே கதைதான். அதற்கடுத்த நாள் கட்டிலை விட்டே எழுந்திருக்கவில்லை. "வேணாம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கோபமாவது ஒன்றாவது. போட்டது போட்டபடி பாய் வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்தவர் பாயின் மனைவி பதுருன்னிசா.

"பாயம்மா, பாயை மறுபடியும் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லுங்க. அவரு இல்லாம மாமா சாப்பிட மாட்டேங்குறாரு. நாந்தான் பொய் சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்." அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதான் ரெண்டு மூணு நாளா மத்தியானம் ஆனா நெலகொள்ளாம சுத்துறாரா!"

"உப்பு எவ்வளவு, புளி எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க பாயம்மா. இனிமே அவரு வாய்க்குப் புடிச்ச மாதிரியே ஆக்கிடறேன்."

பதுருன்னிசா அவளை வியப்பாகப் பார்த்தார்.

"அவரு வாய்க்கா? போன வருஷம் காய்ச்சல்ல படுத்தாரே, அதோட நாக்குல ருசியே போயிடுச்சேம்மா! நேத்து கொழம்புல நான் உப்பு போடவே மறந்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லாம சாப்ட்டு எழுந்தாரு."