தேரிக்காட்டில் பொம்மை லாரி

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நான் ஒரு பொம்மை லாரி. ரிமோட் சொல்கிற பக்கமெல்லாம் ஓடிப் பழகியவள். சொந்தமாகப் பேசிப் பழக்கமில்லை.

தேரிக்காட்டின் செம்மணல் மேடுகளில் ஓடுவதற்காக எனக்கு அகலமான டயர்களும் புது ஸ்பிரிங்குகளும் மாட்டினார்கள். மோட்டாருக்குள் மணல் புகுந்துவிடுமே என்று எனக்கு ஒரே கவலை. மோட்டாருக்குக் காற்று போகும் ஓட்டைகளையும் துணியால் இறுக்கிக் கட்டினால்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன். கட்டிவிட்டார்கள்.

மணலில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே மோட்டார் கொதித்தது. கருகல் வாசனை வந்தது. இன்னும் ஓடினால் எரிந்தே போய்விடும்.

"மேட்டுல ஏறும்மா!" என்றது தூரத்தில் குடை நிழலில் இருந்த ரிமோட்.

வழியில் ஓர் ஓணான் கால்களை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றது.

"என்ன, டான்ஸா?" என்று கேட்டேன்.

"கிண்டலா, அக்கா? மணல் சுடுது. தூக்கினா காலுக்குக் கொஞ்சம் காத்துப் படும்ல? நீ ஏன் இந்த வெயில்ல போர்த்திக்கிட்டு வந்திருக்கே?"

"மணல் உள்ளே போயிடும்னுதான்."

"எனக்கும்தான் வாய் நிறையப் போகுது. துப்பிட்டுப் போறேன்."

"ஏறும்மா, ஏறு!" ரிமோட் கத்தியது.

"நீங்க குடைக்குக் கீழ நின்னுக்கிட்டுக் கத்துறீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, பக்கத்து உடைமரத்தின் முள்ளில் உரசி, காற்றை அடைத்திருந்த அந்தத் துணியைக் கிழித்தேன். பிறகு ரிமோட் எவ்வளவு கத்தியும் நகராமல், மோட்டார் ஆறும்வரை அந்த மர நிழலிலேயே நின்றுவிட்டேன்.