பாறைக்குத் தாங்கும் மூடி

“ஜீப்போட பின்னச்சுக்கு டிஃபரன்ஷியல் மூடி ஒண்ணு குடுங்கம்மா, சீக்கிரம்! பாறையில இடிச்சுக் கிழிஞ்சு எண்ணெய் பூரா ஓடிப்போச்சு.”

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில், வண்டி உதிரிபாகக் கடைக்குள் மூச்சிரைக்க நின்றான் இளைஞன் வெஸ்லி. கடைக்காரி டார்லீன் இரண்டு மூடிகளை எடுத்து வைத்தாள்.

“இந்தத் தகரம் வேண்டாம். வார்ப்பிரும்பை எடு, எந்தப் பாறைக்கும் தாங்கும்.”

“பள்ளத்தாக்குல என் பொண்டாட்டி தனியா இருக்கா. ஜீப்பை விட்டு இறங்காதேன்னு சொல்லி, இருந்த தண்ணியெல்லாம் அவகிட்ட குடுத்துட்டு நடந்தே வந்தேன். பயந்துடுவாம்மா!”

“நீ சொன்னபடி அவ இறங்கவே இல்ல. கவலப்படாம போ.”

மூடியை மார்போடு அணைத்தபடி வெயிலுக்குள் ஓடினான். வாசலைத் தாண்டியதும் ஆளைக் காணோம். மூடி மட்டும் மணலில் கிடந்தது.

நரைமுடியை ஒதுக்கிக்கொண்டு டார்லீன் அதை எடுத்துவந்து, பழைய இடத்திலேயே வைத்தாள்.

இந்தக் கோடையிலும் வெஸ்லிக்குத் தன் மனைவியை அடையாளம் தெரியவில்லை.