டெஸ்ட் அன்று போட்ட குப்பை

"இவளை வேலையை விட்டுத் தூக்கணும் சார். இன்னிக்கே!"

இன்ஜினியர் பாலகிருஷ்ணன் போட்ட சத்தத்தில், மேனேஜர் விஸ்வலிங்கத்தின் கோப்பையிலிருந்த கோப்பி தளும்பியது. பக்கத்தில் கிரேன் ஓட்டும் தாரணி கைகட்டி நின்றிருந்தாள். முகத்தில் கொஞ்சம்கூடப் பயம் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க பாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோபப்படாமல் என்ன செய்வார் மனுஷன்?

கிராஞ்சிப் பக்கம் இருக்கும் அந்தச் சின்ன ஆலைக்கு வீட்டுக் குப்பையை எரிப்பதுதான் தொழில். ஈரமும் பிளாஸ்டிக்கும் சரியாக எரியாவிட்டால், புகையில் டயாக்சின் என்று ஒரு விஷம் கலந்து போகும். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. உடம்புக்குள் போய் உட்கார்ந்தால் லேசில் இறங்காது. அதைப் பிடித்து நிறுத்த எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, புது ஃபில்டர் போட்டவர் பாலா. அக்கம்பக்கத்துப் புகார்கள் குவிந்ததில், இந்தத் தடவை டெஸ்டில் தேறாவிட்டால் ஆலைக்குப் பூட்டு என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

அதனால் டெஸ்டுக்கு முதல் நாள் தாரணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஆறு மணி நேரம் சிம்னி மேல ஆளுங்க நின்னு டெஸ்டுக்குப் புகையைக் குழாயில பிடிச்சு எடுப்பாங்க. காஞ்ச அட்டைப்பெட்டியா குப்பைக் குழியில ஒரு மூலையில சேர்த்து வெச்சிருக்கேன். அதை மட்டும் போடு. வேற எதையும் தொடாதே, சரியா?"

தாரணி தலையை ஆட்டினாள்.

மறுநாள் என்ன செய்தாள் தெரியுமா? அட்டை இருந்த மூலைப் பக்கம் திரும்பவே இல்லை. கிரேனின் இரும்புக் கை நேராகத் தேக்கா அடுக்குமாடி பிளாக்குகளிலிருந்து வந்த குப்பைக்குள் இறங்கியது. தீபாவளி முடிந்த வாரம் வேறு. ஊசிப்போன சாம்பார், வாழை இலை, டயப்பர், பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் என்று அள்ளி அள்ளி அடுப்பின் வாயில் கொட்டினாள்.

வாக்கி டாக்கியில் பாலா அலறினார்.

"தாரணி! என்னம்மா பண்றே? அட்டையைப் போடு லா!"

"ஈரத்தையும் காஞ்சதையும் நல்லா கலந்துதான் போடறேண்ணே. சூடு இறங்காது."

"யாரு உன்னைக் கலக்கச் சொன்னது?"

தாரணி வாக்கி டாக்கியை அணைத்துவிட்டாள். நடுவில் அடுப்பை நிறுத்தினால் டெஸ்ட் செல்லாது. அவளை விட்டால் அந்த ஷிஃப்டில் கிரேன் ஓட்ட வேறு ஆளும் கிடையாது. ஆறு மணி நேரமும் பாலா திரையைப் பார்த்தபடி வெந்துகொண்டிருந்தார்.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. லேப் ரிசல்ட் இன்று வர வேண்டும்.

"ரிசல்ட் வர்றதுக்குள்ள இவளை அனுப்பிடுங்க சார். ஃபெயில்னு வந்தா, யாரால வந்ததுன்னு எல்லாருக்கும் தெரியணும்."

விஸ்வலிங்கம் கம்ப்யூட்டரை இழுத்துக்கொண்டார்.

"சரி, லெட்டர் அடிக்கிறேன். காரணம்னு என்ன போட?"

"சொன்ன பேச்சைக் கேக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அட்டையைப் போடச் சொன்னேன்."

"அவங்க என்ன போட்டாங்க?"

"குப்பையைப் போட்டா சார்!"

விஸ்வலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"குப்பை எரிக்கிற ஆலையில குப்பையைப் போட்டாங்க, அதனால வேலை நீக்கம். இப்படி எழுதிடவா பாலா?"

பாலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் டிங் என்றது. விஸ்வலிங்கம் கழற்றிய கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டு படித்தார். நம்பாமல் இன்னொரு தடவை படித்தார்.

"டயாக்சின்... அனுமதிச்ச அளவுல அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல. பாஸ், பாலா! பாஸ்!"

ஐம்பது வயதுப் பாலா குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது. கதவைத் திறந்து, "பாஸாயிட்டோம் டோய்!" என்று கத்தினார். கண்ட்ரோல் ரூமிலிருந்து விசில் பறந்தது. யாரோ இரும்பு அலமாரியைத் தப்பட்டை மாதிரி அடித்தார்கள். எல்லாருக்கும் இன்றைக்கு பிரியாணி என் கணக்கு என்று விஸ்வலிங்கமே அறிவித்துவிட்டார்.

"பாத்தியா தாரணி? அவ்வளவு மோசமான குப்பை! அத்தனையையும் என் ஃபில்டர் பிடிச்சிருக்கு!" பாலாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

தாரணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. குரல் இறங்கியது.

"அதெல்லாம் இருக்கட்டும். எந்த தைரியத்துலம்மா அப்படிப் பண்ணே? ஃபெயிலாயிருந்தா உன் வேலையும்ல போயிருக்கும்?"

"நீங்க ஃபில்டருக்குள்ள இறங்கி, புகையை வடிகட்டற அறுநூறு துணிப்பையையும் ஒண்ணொண்ணா டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களே, அதைப் பார்த்த தைரியம்தாண்ணே."

"அட்டையைப் போட்டிருந்தாலும்தான் பாஸாயிருப்போம்?"

"ஆயிருப்போம். நான் வந்த இந்த அஞ்சு வருஷத்துல ஒன்பது டெஸ்ட். ஆளாளுக்குச் சொன்னாங்கன்னு ஒன்பதுக்கும் அட்டைதான் போட்டேன். ஒன்பதும் பாஸ்."

தாரணி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள்.

"ஆனா சுவா சூ காங்ல, இந்தச் சிம்னியைப் பார்த்த மாதிரி இருக்கிற என் வீட்டுக் கிச்சன் ஜன்னலை அஞ்சு வருஷமா நான் திறந்ததே இல்லண்ணே. இன்னிக்குப் போய்த்தான் திறக்கப் போறேன்!"