ஒரு மடக்கு

பால் ஆறிவிட்டதா என்று மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். இதமான சூடு.

ஆடையைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஒரு வயது முடிந்ததும் பசும்பால் கொடுத்துப் பழக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே ஓடிப்போய் வாங்கிய கிண்ணம்.

ஹாலில் தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் உருண்டை; கொழுகொழு கன்னத்துக்காகக் குழந்தைக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர். வாய் அவள் மார்பில் இருந்தது. ஒரு கை அவள் கழுத்துச் சங்கிலியை முறுக்கிக்கொண்டிருந்தது. கண் பாதி சொக்கியிருந்தது.

அந்தச் சொக்கலைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும்.

ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்துகிற வேலை இவளுக்கு. இவள் கையைக் கண்டாலே பிள்ளைகள் வீரிட்டு அலறும். அது பிழைப்பு, போகட்டும். வீட்டுக்கு வந்து கையை நீட்டினால் இந்த வாண்டும் அல்லவா முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

குளிப்பாட்டுவது இவள். பருப்புச் சோறு பிசைந்து ஊட்டுவது இவள். பாட்டுப் பாடித் தொண்டை கட்டிப்போவதும் இவளுக்குத்தான். ஆனால் தூக்கம் வந்துவிட்டால் அவன் தவழ்ந்து போவது தங்கையிடம்.

தங்கை வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. அது தெரியும். தெரிந்தும் பற்றிக்கொண்டு வந்தது.

"போதும், இப்படிக் குடு." குரல் நினைத்ததைவிடக் கறாராக வந்தது.

அவன் விடாமல் இழுத்ததால், தங்கை வாயோரத்தில் விரலை நுழைத்து மெல்லப் பிரித்தெடுத்துக் கொடுத்தாள்.

முதல் மடக்கை உருண்டை அப்படியே துப்பினான். இவள் மடியெல்லாம் பால். அடுத்த முறை உதட்டை இறுக்கிக்கொண்டான். பிறகு தங்கையைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டி அழுதான்.

தங்கை பாதி எழுந்துவிட்டாள்.

"நீ கண்ணுல பட்டா இவன் எப்படிக் குடிப்பான்? அந்தப் பக்கம் போ."

தங்கை எழுந்து போய், இவள் முதுகுக்குப் பின்னால், ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

அழுது ஓய்ந்தான். கிண்ணத்தின் விளிம்பைக் கடித்தான். மூக்கு பாலில் நனைந்து தும்மினான். உதட்டில் பட்டதை நக்கிப் பார்த்துவிட்டு, பெரிய மனிதன் மாதிரி யோசித்தான்.

அப்புறம் ஒரு மடக்கு.

குட்டித் தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு மடக்கு. கிண்ணத்தைத் தானே பிடித்துக்கொண்டு, இவள் முகத்தையே பார்த்தபடி குடித்தான். முதல் தடவையாக இவள் முகத்தை.

இவளுக்குச் சந்தோஷம்தான். கூடவே, ஜெயித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒன்று துள்ளியது. தங்கையின் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

திரும்பிப் பார்த்தாள்.

தங்கை இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே அழுத்திக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கண் கிண்ணத்தை விட்டு அசையவில்லை. பிடுங்கி வீசிவிடுவாள் போலிருந்தது. இத்தனை மாதமாக இவள் தங்கையைப் பார்த்துவந்த அதே பார்வை.

"குடிச்சிட்டான்ல," என்றாள் தங்கை. "இனிமே உன் புள்ளைய நீயே பாத்துக்கலாம், அக்கா."

பிரசவத்தில் நினைவு தப்பி இவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பசியில் கத்திய உருண்டையை வாங்கி மார்போடு அணைத்தவள் தங்கை. தன் பெண்ணைப் பறிகொடுத்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. இவள் கண் விழித்து எழுந்து உட்கார்ந்த சமயத்தில் இவளுக்குப் பால் வற்றியிருந்தது.

'வா, ஒரு தடவை நீ குடு' என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

உருண்டை தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் தேடினான்.

இவள் அவனைத் தன் பக்கம் திருப்பி, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.