விருந்தில் சொன்ன பெயர்

"சிரிச்ச முகமா இரும்மா. வந்திருக்கிறவங்க வெளிநாட்டுக்காரங்க," என்று என் காதோரம் குனிந்து சொன்னார் சுபாரெவ்.

சுபாரெவ் எங்கள் மாவட்டத்து அரசாங்க மத விவகார அதிகாரி. எந்தக் கோயில் திறந்திருக்கலாம், எது உருளைக்கிழங்குக் கிடங்காகலாம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும்.

சிரித்தேன். பல்லைக் காட்டச் சொன்னால் காட்டுவதுதானே.

ஆயர் வீட்டு மேசையில் அன்று நாங்கள் கடையில் கண்ணால்கூடக் கண்டிராத மீன்வகையெல்லாம் இருந்தன. எல்லாம் அதிகாரியின் காரில் வந்தவை. டென்மார்க்கிலிருந்து வந்த மூன்று போதகர்களும், பாவம், நாங்கள் தினமும் இப்படித்தான் தின்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

எனக்கு ஆகவேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மேசையில் ஆயர் என் கணவரின் பெயரைச் சொல்ல வேண்டும்.

என் கணவர் லவ்ரெந்தி, இதே ஆயரின் கீழ் இருந்த குரு. எங்கள் சபையில் குருமார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம். பள்ளி ஆசிரியை ஒருத்தியின் குழந்தைக்கு வீட்டில் வைத்து ரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்ததற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். மொர்தோவியா கைதிகள் முகாமில் மரம் அறுக்கிறார் என்று தெரியும். நெஞ்சுச் சளி வேறு. வெளிநாட்டுப் பத்திரிகையில் பெயர் வந்துவிட்டால் அப்படிப்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்காவது மாற்றுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் உயிர் வாழ்ந்தேன்.

அவரைக் கொண்டுபோன நாள்முதல் ஆயர் வீட்டில் சமையல் எனக்கு. ஆயர் நிகாந்தரை ஆண்டகை என்றுதான் கூப்பிடுவோம். விருந்துக்கு முந்தின நாள் அவர் காலில் விழுந்து கேட்டேன்.

"பேரை மட்டும் சொல்லுங்க ஆண்டகையே. வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொல்றேம்மா," என்றார்.

அவரும் முகாமில் கிடந்து, பல்லெல்லாம் போய்த் திரும்பியவர்தான். சொன்னால் சொன்னதுதான் என்று நம்பினேன்.

ஆனால் அன்று காலை சுபாரெவ் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு பேசிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஆண்டகை என் பக்கம் திரும்பவே இல்லை. மிரட்டிவிட்டான் படுபாவி என்று நினைத்துக்கொண்டேன்.

தேநீர் வந்தது. போதகர்களில் ஒல்லியானவர், மொழிபெயர்க்கும் பெண் வழியாக மெல்லக் கேட்டார். உங்கள் குருமார்களில் யாராவது சிறையில் இருக்கிறார்களா?

சுபாரெவின் கரண்டி நின்றது.

ஆண்டகை கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்லை. இன்னைக்கு என் குருமாருங்க யாரும் சிறையில இல்லை."

இந்த வாயா நேற்று எனக்கு வாக்குக் கொடுத்தது? இந்தக் கையையா இத்தனை வருடம் முத்தமிட்டேன்? தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவாரைத் தூக்கி மேசை நடுவே கவிழ்த்தால் என்ன என்று இருந்தது.

கவிழ்க்கவில்லை. மிச்சமிருக்கிற கோயில்களைக் காப்பாற்றத்தான் மனிதர் பொய் சொல்கிறார் என்று எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் ஆறிவிடுமா?

விருந்து முடிந்தால் விருந்தாளிகளுக்குப் பல்லாண்டு பாடுவது எங்கள் வழக்கம். ஆயருக்கு வழிபாட்டில் துணைநிற்கும் திருத்தொண்டர் கனத்த குரலில் தொடங்க, எல்லோரும் எழுந்து பாடினோம். நான் வாயை மட்டும் அசைத்தேன். டென்மார்க்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். சுபாரெவ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் உட்காரப் போனோம். ஆண்டகை மட்டும் நின்றுகொண்டிருந்தார். பிறகு கரகரத்த குரலில் ஜெபத்தைத் தொடங்கினார்.

"துயில்கொண்ட உம் ஊழியர், குரு லவ்ரெந்திக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் ஆண்டவரே. அவருக்கு நித்திய நினைவு உண்டாகச் செய்யும்."

அதே மூச்சில் அவரே பாடவும் தொடங்கிவிட்டார். நித்திய நினைவு, நித்திய நினைவு என்று.

உயிரோடு இருப்பவருக்குப் பல்லாண்டு. சவப்பெட்டியை மூடும்போது நித்திய நினைவு. எங்களில் யாரும் இரண்டையும் மாற்றிப் பாட மாட்டார்கள்.

கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது, வேறு யாரோ லவ்ரெந்தியைச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது அவர் என்னைப் பார்த்தார். அன்று முதல் தடவையாக. கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் பொய் சொல்லியிருக்கவில்லை. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு சுபாரெவ் சொன்னது இந்தச் சாவுச் செய்தியைத்தான். விருந்தாளிகள் ரயில் ஏறும்வரை என் காதில் விழக்கூடாத செய்தி.

இரண்டாம் தடவை திருத்தொண்டரும் சேர்ந்துகொண்டார். சுபாரெவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் ஓர் ஆயரின் வாயைப் பொத்த முடியாதே. மொழிபெயர்க்கும் பெண்ணிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"இதுவும் வாழ்த்துப்பாட்டுன்னு சொல்லு."

அவளும் சொன்னாள். சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்தப் பாட்டை மூன்று தடவை பாட வேண்டும். மூன்றாவதில் பெண்குரல் தனியாக மேலே ஏறும். கோயிலில் அது எப்போதும் என் பங்கு. ஆண்டகை பாட்டை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

அழுதால் பாட முடியாது. என் புருஷனுக்கு அங்கே யாரும் பாடியிருக்க மாட்டார்கள். நான் பாடினேன்.

முடிந்ததும் டென்மார்க்காரர்கள் கைதட்டினார்கள். ஒல்லிப் போதகர் எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, இன்னொரு தடவை பாட முடியுமா என்று கேட்டார்.